எண்ணும் பானை

மலையில் ஏழு ஊர் சேர்ந்து நடத்திய எங்கள் சாமைச் சங்கத்தில் இரண்டு மண்பானைகள் இருந்தன. ஒன்றுக்கு எண்ணும் பானை என்று பெயர், மற்றதற்குக் கழிக்கும் பானை. இரண்டுக்கும் வாய் குறுகல். மூடிய கை ஒன்று நுழையலாம், அவ்வளவுதான். தை மாதப் பொதுக்குழுவில் எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு மொச்சையும் ஒரு புளியங்கொட்டையும் கொடுப்பார்கள். மொச்சை என்றால் சம்மதம், புளியங்கொட்டை என்றால் சம்மதமில்லை. மனதில் இருப்பதை எண்ணும் பானையிலும் மிச்சத்தைக் கழிக்கும் பானையிலும் போட வேண்டும். மூடிய கை உள்ளே போகும், வெறுங்கை வெளியே வரும். யார் எதை எதில் போட்டார் என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

கீழேயிருந்து வந்த அதிகாரி ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். சீட்டில் எழுதிப் போட்டால் ஆகாதா என்று கேட்டார். எங்களில் பாதிப் பேருக்கு எழுத வராது. எழுதத் தெரிந்தவர்களின் கையெழுத்தோ ஏழு ஊருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் மலையில் எல்லோரும் மாமன் மச்சான், சம்பந்தி, பங்காளி. இன்று ஒருவனுக்கு எதிராகக் கை தூக்கினால் நாளைக்கு அவன் வீட்டில் பெண் எடுக்க முடியாது. சங்கம் தொடங்கிய முதல் ஆண்டில் கை தூக்கி ஓட்டெடுத்து, அண்ணன் தம்பி இரண்டு பேர் மூன்று வருஷம் பேசாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் செயலாளர் மணிவேல் சந்தையில் இந்தப் பானைகளை வாங்கி வந்தார். பானை வந்த பிறகு சங்கத்தில் சண்டை இருந்தது, பகை இல்லை.

என் பெயர் சேட்டு. அத்திக்கொல்லையில் மூன்று ஏக்கர் மேட்டு நிலம். பத்தாவது வரை படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன், பாஸ் பண்ணினேனா என்று யாரும் கேட்காதவரை. என் மனைவி பச்சையம்மா நெல்லிவாசல்நாட்டுப் பெண். அவள் படிக்கவே இல்லை. ஆனால் சங்கத்தில் இருந்த முந்நூறு பேரில் அவளுக்குத்தான் மில்லில் வேலை கிடைத்தது. அதையும் பானைதான் முடிவு செய்தது. அன்றைக்கு எண்ணும் பானையைக் கவிழ்த்தபோது கொட்டியதில் மூன்றே மூன்று புளியங்கொட்டைகள்.

மில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜமுனாமரத்தூர் போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே சாமைக்கு உமி நீக்கும் மிஷின். ஏழு ஊர்ச் சாமையும் அங்கே வந்து அரிசியாகும். வாணியம்பாடி ஹனீஃபா பாய் வண்டி அனுப்பி மொத்தமாக எடுத்துக்கொள்வார், பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்புவார். அவர் கேட்டது இரண்டே இரண்டு: மண் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. அதைப் பார்ப்பதுதான் பச்சையம்மாவின் வேலை.

அவள் மூட்டையின் மேலாக அள்ளிப் பார்க்கிற ஆள் இல்லை. முழங்கை வரை உள்ளே விட்டு நடுவயிற்றிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். மூட்டையின் நடுவில் ஈரம் இருந்தால் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியுமாம். பிறகு நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பாள். நறுக்கென்று உடைந்தால் சரி. பல்லில் ஒட்டினால் சரியில்லை. மிச்சத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு ஒரு சுழற்றுச் சுழற்றுவாள், அடியில் மண் தங்கினால் தெரிந்துவிடும். சரியில்லாத மூட்டையை வேண்டாம் என்று தள்ளுவதில்லை. காயவைத்து, புடைத்து, மறுபடி கொண்டுவரச் சொல்வாள். ஆனால் வந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் எல்லோரும் பார்க்கத் திரும்பி நடப்பது, நடந்தவனுக்குத்தான் தெரியும்.

நான் நடந்திருக்கிறேன். ஒரு கார்த்திகையில் ஐந்து நாள் மலையை மூடிக்கொண்டு பனிமூட்டம். மழை வந்துவிடுமோ என்ற அவசரத்தில் சரியாகக் காயாத கதிரை அடித்து மூட்டை பிடித்துவிட்டேன். பார்ப்பது நம் வீட்டுக்காரிதானே என்ற நினைப்பும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவள் கையை விட்டாள். எடுத்தாள். கடித்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஈரமா கீது. ரெண்டு நாள் காய வச்சி எடுத்தாங்க."

வீட்டில் நான் அவளுக்கு 'மாமா', 'நீ'. அங்கே, வரிசையில் நின்ற எல்லோருக்கும் போல மரியாதையாக 'எடுத்தாங்க', எடுத்து வாருங்கள்.

"பச்ச, நான்தான்" என்றேன் மெதுவாக.

"தெரியுது. காய வச்சி எடுத்தாங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. என் பின்னால் நின்ற எங்கள் ஊர்ப் பாலமுருகன் விடுவானா? "மாமனுக்கே இந்த கதின்னா நாமல்லாம் இன்னா ஆவோம்டா!" என்றான். கேலிதான், வேறொன்றுமில்லை. அவன் மூட்டையும் அன்றைக்குத் திரும்பியது. ஆனால் அவன் சிரித்துக்கொண்டே தூக்கிப்போனான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப்போனேன். வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. "துன்னு மாமா, சோத்து மேல இன்னா கோவம்?" என்றாள். காலையில் நான் எழுவதற்குள் அவளே மூட்டையைப் பாறைக்கு எடுத்துப்போய்ப் பரப்பியிருந்தாள். இரண்டு நாள் கழித்து அதே மூட்டையில் கையை விட்டு, "நல்லா காஞ்சிருக்கு" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் திருப்பிச் சிரித்திருக்கலாம். ஒரு சிரிப்பில் முடிந்திருக்க வேண்டியது. இந்த மலைக்கு வந்த கேட்டில் என் பங்கு அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பூபாலன் வந்தது அந்தத் தையில். பக்கத்து ஊர்க்காரன்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். இருந்தாலும் நாங்கள் எல்லோரும் அவனை அண்ணன் என்றோம். செங்கத்தில் கட்சி வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அப்பா செத்ததும் அவர் பேரில் இருந்த சங்கப் பங்கைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பினான். வெள்ளை வண்டி, வெள்ளைச் சட்டை, கையில் மைக். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பான், யார் வீட்டுக் குழந்தையைப் பார்த்தாலும் தூக்குவான். அதில் பொய் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். எங்களைப் பிடித்துத்தான் இருந்தது அவனுக்கு. எங்கள் கைதட்டல் அதைவிடப் பிடித்திருந்தது.

பொதுக்குழுவில் அவன் மேடையில் ஏறவில்லை. கீழே எங்களோடு தரையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து நின்று கேட்டான்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெயில்ல வெந்து, பனியில நனைஞ்சி வெளைய வச்சவன் நீ. உன் மூட்டைல இன்னொருத்தர் கைய வுட்டு நோண்டறாங்களே, இது சோதனையா, அவமானமா?"

 கூட்டத்தில் யாரோ "அவமானம்" என்றார்கள். பிறகு நிறையப் பேர்.

"வாணியம்பாடில உக்காந்துக்கினு ஒருத்தன் சட்டம் போடுவான். அதுக்கு நம்ம ஆளே நம்ம ஆள திருப்பி அனுப்பணும். இன்னாத்துக்கு? நான் தலைவரா வந்தா ஒரு மூட்டையும் திரும்பாது. எல்லா மூட்டைக்கும் ஒரே வெலை. மேல போனஸ். மக்கள சந்தேகப்படற சங்கம் நமக்கு வேணாம்."

மணிவேல் எழுந்தார். மெலிந்த மனிதர், பேச்சு வராது. "ஈரம் போனா சரக்கு திரும்பும்ங்க. அப்புறம் வாங்கறவங்க இருக்க மாட்டாங்க" என்றார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. "சரி, பானைய எடுத்தாரேன், சோதனை இருக்கணுமான்னு போட்டுருவோம்" என்று உள்ளே போகத் திரும்பினார்.

"இருங்க" என்றான் பூபாலன். சிரித்துக்கொண்டே சொன்னான். "பானை எதுக்கு? நாம இன்னா திருடனுங்களா, கைய மூடிக்கினு போறதுக்கு? நமக்குள்ள ஒளிவு மறைவு இன்னா கீது? மூட்டை திரும்பி அவமானப்பட்டவங்க யார் யாரு? கை தூக்குங்க, பாப்போம்."

முதலில் பாலமுருகன் தூக்கினான். அப்போதும் கேலியாகத்தான் தூக்கினான் என்று நினைக்கிறேன். பிறகு அவன் பக்கத்தில் ஒருவர். பிறகு வரிசை வரிசையாக. பச்சையம்மா முன்வரிசையில், பெண்கள் பக்கம், தண்ணீர்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் தலையில் அந்த மூட்டை ஏறி உட்கார்ந்தது.

நான் கையைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு கைகளை எண்ணவே இல்லை. எண்ணத் தேவையில்லை, கண்ணால் பார்த்தாலே தெரிகிறது என்றான். தலைவரும் அவனே ஆனான், சோதனையும் ஒழிந்தது, கைதட்டல் தகரக் கூரையில் மழை மாதிரி விழுந்தது. பானையில் போட்டிருந்தால் நான் எதைப் போட்டிருப்பேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். உண்மையாகவே தெரியவில்லை. கை மூடியிருந்தால் மொச்சையா, புளியங்கொட்டையா என்று விரலுக்குள்ளேயே ஒரு யோசனை ஓடும். தூக்கிய கைக்கு யோசனை கிடையாது.

பச்சையம்மா வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பு பற்றவைத்தாள். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். திட்டினாலாவது நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் சோற்றை வடித்து என் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து என்னை 'மாமா' என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. "சோறு வச்சிருக்கு", "மாடு கட்டியாச்சி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

முதல் ஆண்டு நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு மூட்டையும் திரும்பவில்லை. சொன்னபடி போனஸும் கொடுத்தான். புது மிஷின் வாங்கவென்று பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான் என்பது பிறகுதான் தெரியும். தெரிந்தபோதும் யாரும் கோபப்படவில்லை. நம் காசுதானே நமக்கு வந்தது என்றோம். வீட்டுக்கு ஒரு சில்வர் குடம் வந்தது, வயிற்றில் அவன் படம் ஒட்டி. அரிசிப் பையிலும் அவன் படம். மணிவேல் இதையெல்லாம் நிர்வாகக் குழுவில் வைக்க வேண்டும் என்றார். "உங்களுக்கும் எனக்கும் நடுவுல எதுக்கு ஒரு குழு?" என்று கூட்டத்தில் கேட்டான். குழு கலைந்தது. மணிவேலும் செயலாளர் வேலையிலிருந்து போனார்.

சங்கக் கணக்கை ஆய்வு செய்ய அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவரை அறைக்குள் உட்காரவைத்துப் பதில் சொல்லியிருக்கலாம். பூபாலன் ஐம்பது பேரைக் கூட்டி வாசலில் நிறுத்தினான். அந்த ஐம்பதில் நானும் ஒருவன். "மலைக்காரன நம்ப மாட்டீங்களா?" என்று அவன் கேட்க, நாங்கள் கத்தினோம். அந்த மனிதர் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனார். நாங்கள் ஜெயித்துவிட்டது போல டீ குடித்தோம். நம் பாதுகாப்புக்காக வந்த ஆளை நாமே துரத்திவிட்டு டீ குடித்த கூட்டம் வேறு எங்காவது இருக்குமா தெரியாது. நாங்கள் இருந்தோம்.

இரண்டாம் ஆண்டுதான் சாமை கெட்டது. நிலம் கெடவில்லை, மழை கெடவில்லை, நாங்கள் கெட்டோம். காயவைத்தால் எடை குறையும். பக்கத்து வீட்டுக்காரன் ஈரத்தோடு போட்டு எனக்கு வாங்குகிற அதே விலையை வாங்கும்போது நான் மட்டும் ஏன் பாறையில் பரப்பிக்கொண்டு காகம் ஓட்ட வேண்டும்? முதலில் ஈரம் வந்தது. பிறகு புடைக்காமல் போட்டார்கள். பிறகு மண். தெரியாமல் சேர்ந்த மண் கொஞ்சம், தெரிந்து சேர்த்த மண் கொஞ்சம். நானும் போட்டேன். நான் மூட்டை கட்டுவதைப் பச்சையம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மாசி கடைசியில் ஹனீஃபா பாய் அவரே வந்தார். வழக்கமாக வண்டியும் டிரைவரும்தான் வரும். அவர் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "பச்சையம்மா எங்கம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் வண்டிக் கதவைத் திறந்தார். போன மாதம் இங்கிருந்து போன எங்கள் அரிசி, பை பையாகத் திரும்பி வந்திருந்தது. ஒரு பையைக் கிழித்தார். பூசண வாடை கொட்டகை முழுவதும் அடித்தது. பூபாலன் படம் அந்தப் பையிலும் சிரித்துக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு வருஷம் நான் பிரிச்சிப் பாக்காமயே வித்தேன்" என்றார் பாய். "மலைச் சரக்குன்னா கண்ண மூடிக்கினு எடுப்பானுங்க. இப்ப கடைக்காரன் என் மூஞ்சில வீசறான். நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அறுபது வயது மனிதர். "மறுபடியும் அந்தம்மாவ உக்கார வைங்க. ஒரு வருஷத்துல பேர மீட்டுடலாம்."

எனக்கு அப்போது வாயைத் திறக்க ஆசையாக இருந்தது. சத்தியமாக ஆசையாக இருந்தது. திறக்கவில்லை.

அன்று மாலையே பூபாலன் கூட்டம் போட்டான். "வாணியம்பாடிக்காரன் வெலைய கொறைக்க நாடகம் ஆடறான். வண்டிலயே தண்ணி ஊத்தி எடுத்தாந்துருக்கான்" என்றான். பையில் இருந்த மண் எங்கள் மண் என்று எல்லோருக்கும் தெரியும். சிவந்த மண், வாணியம்பாடியில் தோண்டினாலும் கிடைக்காது. இருந்தும் நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது எல்லாக் கையும் மேலே போனது. போட்டது நான்தான் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஊற்றியது அவன்தான் என்று நம்புவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் எங்கள் வீட்டு அடுப்பு எரியக் காரணமாக இருந்த மனிதரை ஒரு சாயங்காலத்தில் திருடனாக்கினோம்.

பாய் வண்டி அதற்குப் பிறகு வரவில்லை. பங்குனியில் மண் கடித்துக் கடித்து மிஷின் நின்றது. சரிசெய்யவும் வழியில்லை, புதிது வாங்கவும் வழியில்லை. கொட்டகையைப் பூட்டினார்கள். பூபாலன் அதே சித்திரையில் கட்சியில் பெரிய பொறுப்புக்குப் போனான். மலையில் பத்து வருஷத்தில் யாரும் செய்யாததை இரண்டு வருஷத்தில் செய்தவர் என்று செங்கம் வரை போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதில் பொய்யே இல்லை.

அடுத்த அறுவடையைச் செங்கத்துக்குத்தான் இறக்க வேண்டியிருந்தது. மண்டியில் வியாபாரியின் ஆள் ஒருவன், இரும்புக் குத்தூசியால் மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். கடிக்கவில்லை, தண்ணீரில் போடவில்லை. "ஈரம். மண்ணு" என்று சொல்லிவிட்டு அவன் வாய்க்கு வந்த விலையைச் சொன்னான். அது நான் நான்கு நாள் பாறையில் காயவைத்த சாமை. மூன்று முறை புடைத்தது. பச்சையம்மாகூட ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டாள். பக்கத்தில் பாலமுருகன் நின்றான். எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் நின்றோம். இது சோதனையா, அவமானமா என்று ஒருவரும் கேட்கவில்லை. குத்தூசி போட்ட ஓட்டையில் சாமை ஒழுகிக்கொண்டிருந்தது, நான் விரலால் அடைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஊர் காலியாக ஆரம்பித்தது. ஆண்கள் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போனார்கள். பெண்கள் வாணியம்பாடிப் பக்கம் தோல் கம்பெனிகளுக்குப் போனார்கள். தையில் ஒருநாள் பச்சையம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஷூ கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். செக்கிங் வேலை. தையல் சரியா கீதான்னு பாக்கணும். ஹனீஃபா பாய் சம்சாரம் ஃபரீதாம்மா சொல்லி வச்சிருக்காங்க. அங்கயே தங்கிக்கலாம்."

"எப்ப வருவ?" என்றேன்.

"நதியா படிப்பு முடியட்டும்."

நதியா எங்கள் ஒரே மகள். திருப்பத்தூரில் நர்சிங், முதல் வருஷம். முடிய இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

போகிற நாள் சந்தை நாளாக அமைந்துவிட்டது. ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் காலையிலேயே கூட்டம். அவள் பையை நான் தூக்கி வந்தேன். பெரிய பை இல்லை. நாலு புடவை, ஒரு போர்வை, அந்தத் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தை ஏன் எடுத்துப்போகிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாணியம்பாடி பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இனிமேல் எப்போது மன்னிப்புக் கேட்பது என்று நினைத்தேன்.

"பச்ச" என்றேன். "அன்னிக்கி நான் கை தூக்கனது தப்புதான். உன்ன வேணாம்னு தூக்கல. மூட்டை திரும்புன கோவத்துல தூக்கிட்டேன். மன்னிச்சிடு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"கை தூக்கனது இன்னா மாமா, ஊரே தூக்குச்சி" என்றாள். "பானைல நீ புளியங்கொட்டையே போட்டிருந்தாலும் எனக்கு தெரிஞ்சிருக்காது. வூட்டுக்கு வந்து சோறு ஆக்கி போட்டிருப்பேன். நீயும் துன்னுட்டு படுத்திருப்ப. வேலை போனா போச்சுன்னு நானும் உன் கூடவே இருந்திருப்பேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆனா தூக்கறதுக்கு முன்னால என் மொகத்த பாத்த பாரு. பாத்துட்டு தூக்குன. அத நான் எங்க கொண்டுபோய் போடறது?"

மாமா என்று கூப்பிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது. சொன்னது என்ன என்பது அப்புறம்தான் உள்ளே இறங்கியது. பானையை நாங்கள் சண்டை வராமல் இருக்க வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பெண்டாட்டி இப்படி ஒரு புருஷனோடு சேர்ந்து வாழவும் அதுதான் வழிவிட்டுக்கொண்டிருந்தது என்று மூன்று வருஷம் கழித்து, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

பஸ் கிளம்பும் நேரத்தில் பூபாலன் வண்டி வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே மைக். தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனால் அவனுக்கு எல்லா நாளும் தேர்தல்தான். சந்தைக் கூட்டம் சுற்றிக்கொண்டது, நானும் நடுவில் மாட்டிக்கொண்டேன். பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

"நம்ம மில்ல மூடனது யாரு?" என்று கேட்டான் பூபாலன். "கீழ கீற வியாபாரிங்களும், மலைக்காரன கேள்வி கேட்ட ஆபீசருங்களும். இந்த தடவ என்ன மேல அனுப்புங்க. கேள்வி கேக்கற ஆபீசே இல்லாம பண்றேன். என் பின்னால நிக்கறவங்க யாரு? கை தூக்குங்க!"

கைகள் எழுந்தன. எனக்கு முன்னால், இரண்டு பக்கமும், பின்னால். பாலமுருகன் தூக்கினான். வண்டி மேலே நின்ற ஒருவன் செல்போனில் கூட்டத்தை இப்படியும் அப்படியும் படம் பிடித்தான்.

"தூக்காதவங்க பேர எழுதிக்க மாட்டேன், பயப்படாதீங்க" என்றான் பூபாலன். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். என் பெயர் அரசாங்கம் வீடு கட்டிக்கொடுக்கும் பட்டியலில் இருந்தது. கூரை ஒழுகி, இரண்டு மழைக்காலமாகத் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியல் அவன் ஆட்களிடம் இருந்தது.

என் கை மூடித்தான் இருந்தது. அதை நுழைக்க ஒரு பானை இல்லை. பூட்டிய கொட்டகையில் இரண்டும் கிடக்கின்றனவா, உடைந்துவிட்டனவா என்றுகூட நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற பாலமுருகன் முழங்கையால் என்னை இடித்தான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"தூக்கு மாமா. பாக்கறாங்க."

பஸ் எனக்கு இடது பக்கம்தான் நின்றது, பத்தடி தூரத்தில். ஜன்னலில் அவள் இருந்தாள். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

நான் கையைத் தூக்கினேன். இந்தத் தடவை அவள் பக்கம் பார்க்கவில்லை.